அடுத்தவர் படம் நம் சரக்குக்கு எதற்கு?



நம் கடைக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் சரக்கின் பெயரைச் சரியாகச் சொல்லிக் கேட்கிறார்கள்? "பசு மாடு போட்டது ஒண்ணு கொடுங்க", "அந்தச் சிவப்பு டப்பா", "போன மாசம் வாங்கினேனே, குழந்தை படம் போட்ட பாக்கெட்" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாத பாட்டி, அம்மா அனுப்பிவைத்த சிறுவன், வண்டியை அணைக்காமலே இறங்கி வந்து அவசரப்படுத்துகிறவர், எல்லோருக்கும் படமும் வண்ணமும்தான் அடையாளம். லேபிளில் இருக்கும் படம் வெறும் அழகுக்காக ஒட்டியதல்ல. அது அந்தச் சரக்கின் முகம். அந்த முகத்தை நம்பித்தான் காசு கைமாறுகிறது.

ஒருவர் பல ஆண்டுகள் பாடுபட்டு அறிமுகப்படுத்திய முகத்தை இன்னொருவர் ஒரே நாளில் எடுத்துத் தன் பாக்கெட்டில் ஒட்டிக்கொள்வது இன்று மலிந்து கிடக்கிறது. "இது கம்பெனிக்காரர்களின் சண்டை, நமக்கென்ன?" என்று நம்மில் பலர் ஒதுங்கிக்கொள்கிறோம். அப்படி ஒதுங்க முடியாது என்பதை எடுத்துச் சொல்லவே இக்கட்டுரை. காரணம் எளிது. போலிப் படம் போட்ட பாக்கெட்டை அச்சடிப்பவர் யாரோ, நிரப்புபவர் யாரோ. ஆனால் அதை வாடிக்கையாளர் கையில் எடுத்துக் கொடுப்பது நாம்.

படமே முத்திரையான கதை

இந்த வழக்கம் நேற்று வந்ததல்ல. வெள்ளையர் ஆட்சியில் மான்செஸ்டர் மில் துணிகள் நம் துறைமுகங்களில் வந்து இறங்கின. துணிக்கட்டுகளின் மேல் பல வண்ணங்களில் அச்சிட்ட சீட்டுகளை ஒட்டி அனுப்பினார்கள். அவற்றில் நம் தெய்வங்களும் யானையும் புலியும் இருந்தன. அனுப்பியவன் வெள்ளைக்காரன், படம் மட்டும் நம் ஊருடையது. ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர்களும் அந்தச் சீட்டைப் பார்த்து 'இது இன்ன கம்பெனியின் இன்ன ரகம்' என்று அறிந்துகொள்ளத்தான் இந்த ஏற்பாடு. பொய்க் குறியிட்ட சரக்கைத் தண்டிக்க 1889-ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் சட்டம் வந்துவிட்டது என்றால், காப்பியடிக்கும் தொழிலுக்கும் அவ்வளவு வயதாகிறது என்றுதான் பொருள்.

நம் பக்கத்துக் கதையையும் பார்ப்போம். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியிலிருந்து கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அந்தத் தேவையை ஒட்டித்தான் சிவகாசியின் அச்சுத் தொழில் வளர்ந்தது. இன்று நாடெங்கும் தொங்கும் காலண்டர்களுக்கு அடித்தளம் போட்டது ஒரு சிறிய தீப்பெட்டியின் மேல் ஒட்டிய படம்தான் என்றால் மிகையில்லை.

அந்தக் காலண்டர்களில் படம் வரைந்தவர்களை நாம் மறந்துவிடுகிறோம். ராஜா ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கித் தம் ஓவியங்களைப் பல வண்ணத்தில் அச்சிட்டார். அரண்மனைச் சுவரில் இருந்த லட்சுமியும் சரஸ்வதியும் ஏழை வீட்டுப் பூஜை அறைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். பின்னால் கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் (1898-1976) அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசியில் காலண்டராகி ஊர் ஊராகப் போயின. அவற்றின் அடியில் நம் முன்னோர் தங்கள் கடைப் பெயரை அச்சிட்டு, தீபாவளிக்கும் புத்தாண்டுக்கும் வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தார்கள். நம் கடையின் பெயர் வீட்டுக்கு வீடு தொங்கியது அந்த ஓவியர்களின் தூரிகையால்.

கற்றுக்கொள்வது வேறு, கைவைப்பது வேறு

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். "லட்சுமி யாருக்குச் சொந்தம்? தாமரையும் யானையும் யாருக்குச் சொந்தம்? ரவிவர்மாவைப் பார்த்துப் பிறர் வரைந்தார்கள். அவர்களைப் பார்த்து அடுத்தவர்கள் வரைந்தார்கள். எல்லாமே காப்பிதானே?" என்று சிலர் கேட்கிறார்கள்.

இல்லை. கொண்டையராஜுவின் படங்களில் ரவிவர்மாவின் பாதிப்பு உண்டு. ஆனால் நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிய அனுபவமும் நம் கோயில்களின் மரபும் சேர்ந்துதான் அவருக்கென்று ஒரு பாணி உருவாயிற்று. முன்னவரிடம் கற்றார், தம் கையால் வரைந்தார். அதைக் கடன் வாங்குதல் என்று சொன்னாலும் வட்டியோடு திருப்பிக் கொடுத்த கடன் அது. ஒரு படத்தை அப்படியே எடுத்து, கீழே இருந்த பெயரை அழித்துவிட்டு, நம் பெயரைப் போட்டுக்கொள்வது அந்தக் கணக்கில் சேராது. மகாலட்சுமி எல்லோருக்கும் பொது. ஆனால் ஒரு ஓவியர் ராப்பகலாக உட்கார்ந்து வரைந்த மகாலட்சுமிப் படம் பொதுவல்ல.

சட்டமும் ஏறத்தாழ இதையேதான் சொல்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியத்தின் உரிமை, வரைந்தவரின் ஆயுள் முழுவதும், அவர் மறைந்த பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். ரவிவர்மா 1906-ல் மறைந்தார். அவர் ஓவியங்களை இன்று எவரும் அச்சிடலாம். கொண்டையராஜு 1976-ல் மறைந்தவர் என்பதால், அவர் படங்களின் உரிமை, அது இன்று யாரிடம் இருந்தாலும், 2036 முடியும்வரை உயிரோடு இருக்கிறது. "பழைய காலண்டர் படம்தானே" என்று எடுத்து ஊதுபத்திப் பாக்கெட்டில் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஓவியரின் உரிமை தீர்ந்துபோன ஒரு படத்தை ஒரு கம்பெனி தன் வணிகக் குறியாகப் பதிவு செய்து பல்லாண்டுகளாகப் பயன்படுத்தி வரலாம். வணிகக் குறியின் பதிவு 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டுத் தொடர்ந்துகொண்டே இருக்கும். படம் பழையது என்பதற்காக, அதே சரக்குக்கு அதே படத்தைப் போட்டால் தப்ப முடியாது.

நீதிமன்றம் எதைப் பார்க்கிறது?

நம் சென்னை நகரத்து மூக்குப்பொடி வழக்கை எடுத்துக்கொள்வோம். 'ஸ்ரீ அம்பாள்' என்ற பெயரில் ஏற்கெனவே மூக்குப்பொடி விற்பனையில் இருந்தது. அதன் லேபிளில் உலக உருண்டையின் மேல் அமர்ந்த அம்பாள் படம். இன்னொரு வியாபாரி ஆண்டாள் படத்துடன் 'ஸ்ரீ ஆண்டாள்' என்ற குறியைப் பதிவு செய்ய முயன்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1969-ல் தீர்ப்பாயிற்று. படம் வேறு, தெய்வம் வேறு. அம்பாளுக்கும் ஆண்டாளுக்கும் உள்ள வேறுபாடு நமக்கெல்லாம் தெரியும். ஆனால் மூக்குப்பொடி வாங்குகிறவர்கள் தென்னாட்டு இந்துக்கள் மட்டும்தானா? மற்றவர்கள் காதில் இரண்டும் ஒன்றுபோலத்தானே விழும்? இந்தக் காரணத்தைச் சொல்லி 'ஸ்ரீ ஆண்டாள்' பதிவை நீதிமன்றம் மறுத்தது. லேபிளில் படத்தை மட்டும் மாற்றிவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இது பாடம்.

அடுத்தது பிஸ்கட் வழக்கு. பார்லே நிறுவனத்தின் குளுக்கோ பிஸ்கட் உறையில், பண்ணை வீட்டின் முன்னே ஒரு பெண், சுற்றிலும் மாடுகளும் கோழிகளும் இருந்தன. மைசூரைச் சேர்ந்த ஒரு நிறுவனம் ஏறக்குறைய அதே அளவில், அதே வண்ணத்தில், பெண்ணும் மாடும் கோழியும் பண்ணை வீடும் உள்ள உறையில் தன் பிஸ்கட்டை விற்றது. உற்றுப் பார்த்தால் வேறுபாடு உண்டு. ஒரு பெண் வாளி சுமக்கிறாள். மற்றவள் தலையில் புல்லுக்கட்டு. கீழ் நீதிமன்றங்கள் இந்த வேறுபாடுகளைப் பார்த்துப் பார்லேயின் வழக்கைத் தள்ளிவிட்டன. 1972-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றிற்று. இரண்டு பாக்கெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேறுபாடு தேடுவது முறையல்ல. இன்று ஒன்றைப் பார்த்தவர் இன்னொரு நாள் மற்றதைக் காட்டினால் ஏமாறுவாரா என்பதே கேள்வி. வாங்க வருகிற சாதாரண மனிதர் ஷெர்லாக் ஹோம்ஸ் அல்ல என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இந்தத் தீர்ப்பில் நமக்கென்றே ஒரு செய்தி இருக்கிறது. ஒரு சரக்கை வழக்கமாக வாங்குபவரிடம் மற்றதை நீட்டினால் அவர் அதுதான் என்று நினைத்து வாங்கிக்கொள்வாரா என்று நீதிமன்றம் கேட்டது. நீட்டுவது யார்? கடைக்காரராகிய நாம்தான்!

பெயர் முற்றிலும் வேறாக இருந்தாலும் வண்ணமே வம்பு ஆகலாம். 2003-ல் கோல்கேட் நிறுவனம் ஆங்கர் நிறுவனத்தின் மீது பல்பொடி டப்பா தொடர்பாகத் தொடுத்த வழக்கில், சிவப்பும் வெள்ளையும் கலந்த அந்த அமைப்பைப் பயன்படுத்த டெல்லி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

பெரியவர்களின் மிரட்டலுக்கும் அஞ்ச வேண்டாம்

இப்படிச் சொல்வதால் பெரிய கம்பெனிகள் சொல்வதெல்லாம் வேதம் என்று நாம் ஒப்புக்கொள்வதாக யாரும் எண்ண வேண்டாம். மிளகாய்த்தூளுக்கு மிளகாய்ப் படம், நெய்க்குப் பசு படம், அரிசிக்கு நெற்கதிர் படம் போடுவது எவருக்கும் உள்ள உரிமை. அவை அந்தச் சரக்கின் தன்மையைச் சொல்பவை, தொழிலுக்கே பொதுவானவை. 1969-ல் 'புரோட்டோவிட்', 'டிராப்போவிட்' என்ற இரு வைட்டமின் மருந்துகள் தொடர்பான வழக்கில், 'விட்' என்ற ஒலி வைட்டமின் வியாபாரத்துக்கே பொதுவானது, மொத்தத்தில் இரு பெயர்களும் குழப்பம் தராது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே வக்கீல் நோட்டீஸ் வந்தவுடனே கடையைப் பூட்டிவிட்டு ஓட வேண்டியதில்லை. உள்ளூரில் பல ஆண்டுகளாக ஒரு குறியைப் பயன்படுத்தி வருபவர், பின்னால் வந்த ஒருவர் அதையே பதிவு செய்துவிட்டார் என்பதற்காக உரிமை இழந்துவிட மாட்டார். முன்பே பயன்படுத்தியதற்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. பழைய பில் புத்தகம், பழைய லேபிள், விளம்பர நோட்டீசு ஆகியவற்றைப் பத்திரமாக வைத்திருப்பவரே அதை நிரூபிக்க முடியும்.

பெருங்காயமோ அப்பளமோ சீயக்காயோ, ஒரு சிறு தயாரிப்பாளர் பல்லாண்டு உழைத்து நான்கு மாவட்டங்களில் பெயர் எடுத்த பின், அவருடைய லேபிளை எவரோ காப்பியடித்தால் அதிகம் நொறுங்கிப்போவது அவர்தான். பெரிய கம்பெனி வழக்குப் போட்டுச் சமாளித்துக்கொள்ளும். சிறியவருக்கு அந்த லேபிள்தான் சொத்து. படம் திருடுவதை எதிர்ப்பது பெரியவர்களுக்குக் கொடி பிடிப்பதாகாது. நம்மைப் போன்ற சிறியவர்களைக் காப்பதாகும்.

கல்லாவுக்கு வரும் கேடு

லைனில் வரும் விற்பனையாளர் ஒருவர், "அண்ணாச்சி, அதே மாதிரி சரக்குதான். பார்த்தால் வித்தியாசமே தெரியாது. உங்களுக்கு ஒரு பாக்கெட்டுக்கு இரண்டு ரூபாய் கூட நிற்கும்" என்று ஆசை காட்டுவார். 'வித்தியாசமே தெரியாது' என்று அவர் பெருமையாகச் சொல்வதுதான் குற்றத்தின் ஒப்புதல் வாக்குமூலம் என்பதை நாம் உணர வேண்டும்.

1999-ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டம் 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் 104-ஆம் பிரிவு நேரடியாக விற்பவரையே குறிவைக்கிறது. பொய்யான வணிகக் குறியிட்ட சரக்கை விற்பவருக்கும், விற்பதற்காக வைத்திருப்பவருக்கும் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் விதிக்கலாம். ஏமாற்றும் அளவுக்கு ஒத்திருக்கும் குறியும் பொய்க் குறி என்ற கணக்கிலேயே சேரும்.

தப்பிக்க வழி இல்லையா? உண்டு. தக்க எச்சரிக்கையோடு நடந்துகொண்டோம், சந்தேகப்பட எந்தக் காரணமும் இருக்கவில்லை, யாரிடம் வாங்கினோம் என்ற விவரம் முழுவதையும் கேட்டவுடன் கொடுத்தோம் என்று காட்டினால் அதே பிரிவு நமக்குப் பாதுகாப்பளிக்கிறது. ஆனால் பில் இல்லாமல் ரொக்கத்துக்கு வாங்கிய சரக்குக்கு யாருடைய பெயரைச் சொல்வோம்? வேனில் வந்து இறக்கிவிட்டுப் போனவரின் முகவரியை எங்கே தேடுவோம்? இரண்டு ரூபாய் லாபத்துக்கு ஆசைப்பட்டு வக்கீல் வீட்டு வாசலில் நிற்பதா?

வழக்கையும் விட்டுவிடுவோம். அந்தப் பாட்டி அடுத்த முறை வருகிறார். "போன தடவை கொடுத்தது பழைய மாதிரி இல்லையே தம்பி" என்கிறார். அவர் கம்பெனியைக் குறை சொல்லவில்லை; நம்மைச் சொல்கிறார். அதற்கடுத்த மாதம் அவர் எதிர்க் கடையில் நிற்பார். தராசில் கைவைப்பது பாவம் என்று நம்புகிறவர்கள் நாம். ஒரு படத்தைக் காட்டி வேறொரு சரக்கைக் கொடுப்பதும் தராசில் கைவைப்பதற்குச் சமம்தான்.

நம் பெயரில் சரக்குப் போடும்போது

இன்று பல மொத்த வியாபாரிகளும் மளிகைக் கடைக்காரர்களும் சொந்தப் பெயரில் பருப்பு, மசாலா, எண்ணெய், சத்துமாவு பாக்கெட் போடுகிறார்கள். வரவேற்க வேண்டிய முயற்சி. ஆனால் டிசைன் செய்யும் இடத்தில் போய், பிரபல கம்பெனியின் பாக்கெட் ஒன்றை மேஜையில் போட்டு, "இதே மாதிரி, கொஞ்சம் மாற்றிக் கொடுங்கள்" என்று சொல்லும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை இது. சரக்கு நன்றாக இருந்தால் புகழ் அந்தக் கம்பெனிக்குப் போகும். சரக்கு மோசமானால் நோட்டீசு நமக்கு வரும். எப்படிப் பார்த்தாலும் நமக்கென்று ஒரு பெயர் நிற்காது.

டிசைன் செய்பவர் இணையத்திலிருந்து ஒரு படத்தை இறக்கி ஒட்டிக் கொடுத்துவிடுவார். அது எவரோ எடுத்த புகைப்படமாக இருக்கும். 'இணையத்தில் இருந்தது' என்பதற்கு 'இலவசம்' என்று பொருளில்லை. இப்போது கணினியிடம் நான்கு வார்த்தை சொன்னால் அதுவே படம் போட்டுக் கொடுக்கிறது. அதிலும் 'இன்ன கம்பெனி பாக்கெட் போல' என்று கேட்டு வாங்கினால், வரைந்தது கணினி என்பது வாதமாகாது. பாக்கெட்டைப் பார்த்து மக்கள் ஏமாறுவார்களா என்பதே அங்கும் கேள்வி. நடிகர்கள் படத்தை அவர்களைக் கேட்காமல் பேனரில் போடுவதும் ஆபத்தே. ஒருவருடைய பெயரையும் தோற்றத்தையும் அனுமதியின்றி வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற உரிமையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2015-ல் நடிகர் ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் ஏற்றது. மகாத்மா காந்தி படத்தையோ பிரதமர் படத்தையோ அனுமதியின்றி வியாபார விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதை 1950-ஆம் ஆண்டின் சட்டமே தடுக்கிறது. கடை விளம்பரத்துக்கு அடிக்கும் காலண்டருக்கும் இது பொருந்தும்.

பணம் கொடுத்து வரையச் சொன்ன லேபிள் நமக்கே சொந்தம் என்று பலர் நினைக்கிறோம். வரைந்த ஓவியம், எடுத்த புகைப்படம் போன்றவற்றில் பணம் கொடுத்து வரவழைத்தவருக்குச் சட்டம் முதல் உரிமை தருகிறது. எல்லா வகை டிசைனுக்கும் இப்படி என்று உறுதியாக இருந்துவிடக் கூடாது. உரிமை கைமாற எழுத்து வேண்டும். ஆகவே, "இந்த லேபிளின் முழு உரிமையும் இன்னாருக்கு விற்கப்பட்டது, இதில் பிறர் படம் எதுவும் இல்லை" என்று ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். அதற்காக நூறு இருநூறு கூடக் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். சொந்தமாக வரையும் கலைஞருக்குக் கூலி கொடுத்தால்தான் காப்பியடிக்காத லேபிள் கிடைக்கும். மிகக் குறைந்த காசுக்கு ஒரே மணி நேரத்தில் லேபிள் வேண்டும் என்று நாம் நின்றால், அவர் எங்கே போய் வரைவார்? எடுத்துத்தான் ஒட்டுவார்.

செய்ய வேண்டியவை

அன்பார்ந்த வணிகர்களே, நம் கடையளவில் நாம் செய்யக் கூடியவை இவை:

1. ஒத்த தோற்றமுள்ள பாக்கெட் வந்தால் தயாரிப்பாளர் பெயர், முழு முகவரி, உணவுப் பொருளானால் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஆகியவற்றைப் பாருங்கள். இல்லையென்றால் இறக்காதீர்கள்.

2. பில் இல்லாத சரக்கு எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

3. வேறு கம்பெனிச் சரக்கைக் கொடுப்பதானால் "இது அதல்ல, வேறு" என்று வாடிக்கையாளரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். கடையில் நிற்கும் பையன்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

4. சொந்த லேபிளை வணிகக் குறியாகப் பதிவு செய்யுங்கள். தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் இணைய வழியில் ஒரு வகைச் சரக்குக்கு அரசுக் கட்டணம் 4,500 ரூபாய் என்று 2017-ல் விதி செய்யப்பட்டது. சென்னையிலேயே பதிவு அலுவலகம் இருக்கிறது.

5. அச்சகத்தாரும் டிசைன் செய்பவர்களும் நம் நண்பர்களே. "எங்களுக்குக் காப்பி வேண்டாம்" என்று நாமே சொன்னால் அவர்களும் துணிந்து மறுப்பார்கள்.

வட்டாரச் சங்கங்கள் மாதக் கூட்டத்தில் இதைப் பேசி ஒரு தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். உள்ளூர்த் தயாரிப்பாளர் ஒருவரின் லேபிளைக் காப்பியடித்த சரக்கை அந்த ஊர்க் கடைகள் எதுவும் வாங்குவதில்லை என்று கட்டுப்பாடு வைத்தால், வழக்கு முடியக் காத்திருக்காமலே அந்தச் சரக்கு திரும்பிப் போகும். அந்த வலிமை நம் அலமாரிகளுக்கு இருக்கிறது.

சரக்கு நம்முடையது, உழைப்பு நம்முடையது, கடைப் பெயர் நம் தகப்பனார் சம்பாதித்துக் கொடுத்தது. அதன் மேல் ஒட்டும் படமும் நம்முடையதாகவே இருக்கட்டும்.